பிள்ளை உறங்கும் ஊர்

“பிள்ள ராத்திரி எந்த ஊர்ல படுத்துத் தூங்குது?”

வக்கீல் கஸ்தூரி கேட்ட முதல் கேள்வியே அதுதான். மாரீஸ்வரி வேறு கேள்விகளுக்குத் தயாராகி வந்திருந்தாள். புருஷன் எதனால் அடித்தான், எதைக்கொண்டு அடித்தான், அடித்ததைப் பார்த்தவர்கள் யார் என்று கேட்பார்கள், அழாமல் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள்.

“கம்மத்துல. தெலங்கானாவுல. அவுக அப்பாகிட்ட.”

“எம்புட்டு நாளா?”

“போன வருசம் சிவராத்திரியிலருந்து.”

கஸ்தூரி பேனாவை மூடி மேசையில் வைத்தார். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், அவருடைய அண்ணனின் பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் அந்த ஆபீஸ் இருந்தது. வியாபாரக் குடும்பத்தில் சட்டம் படித்தவர் அவர் ஒருவர்தான். கட்சிக்காரர்களுக்கு வழக்கு எப்படி ஓடுகிறது என்று ஆதியோடு அந்தமாக விளக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

“கவனமாக் கேளுங்க. கல்யாணத்த முறிக்கணும்னா கல்யாணம் நடந்த ஊர் கோர்ட்டுக்குப் போகலாம். கடைசியாச் சேர்ந்து குடியிருந்த ஊருக்குப் போகலாம். பொண்டாட்டி இப்ப இருக்கிற ஊருக்குக்கூடப் போகலாம். பொம்பளைக்குன்னு அப்படி ஒரு சலுகை. ஆனா பிள்ளைய யார் வச்சுக்கிடணும்ங்கிற வழக்குல அந்தச் சலுகையெல்லாம் கெடையாது. சட்டம் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கும். பிள்ள வழக்கமா எங்க வசிக்குது?”

“நான் பெத்தது இங்கதான மேடம்? திருச்சுழி ஆஸ்பத்திரியில.”

“பெத்த ஊர் கணக்குல வராது. நீங்க அழுகுற ஊரும் கணக்குல வராது.”

கஸ்தூரி அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் அது இரக்கமுள்ள விதிதான். பிள்ளைக்கு எது நல்லது என்று முடிவு செய்யப்போகிற நீதிபதி, பிள்ளையைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். டீச்சரிடம் விசாரிக்க வேண்டும். அக்கம்பக்கத்துக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். இதையெல்லாம் பிள்ளை இருக்கிற ஊரில்தான் செய்ய முடியும். சண்டை போடும் பெரியவர்கள் இழுத்த இழுப்புக்கெல்லாம் ஒரு பச்சைப்பிள்ளை ரயிலேறி அலையக் கூடாது என்று நினைத்து யாரோ எழுதிய விதி அது.

மாரீஸ்வரியின் பக்கத்தில் அவளுடைய அண்ணன் ஜெயபாண்டி உட்கார்ந்திருந்தான். கரிசல் காட்டில் பருத்தியும் மல்லியும் போடுகிறவன். அவன் முகத்தைப் பார்த்ததும் இது இறங்கவில்லை என்று கஸ்தூரிக்குத் தெரிந்துவிட்டது.

“ஒங்க ஊர் கண்மாய்க்கு எந்தக் காட்டுத் தண்ணி வரும்?”

“மேக்க, அந்த மேட்டுக்கு இந்தப் பக்கம் பெய்யுறது பூராம் வரும்.”

“மேட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டோ கொட்டுன்னு கொட்டுனா?”

“அது நரிக்குடிப் பக்கம் போயிரும். நமக்குச் சொட்டு வராது.”

“கோர்ட்டும் அப்படித்தான். ஒவ்வொரு கோர்ட்டுக்கும் ஒரு வரத்து இருக்கு. அதுக்குள்ள விழுந்த வழக்கத்தான் அது எடுக்கும்.”

“அப்ப எம் மருமக எந்தப் பக்கம் பெஞ்ச மழை?” என்றான் ஜெயபாண்டி.

“அதத்தான் கண்டுபிடிக்கணும்” என்றார் கஸ்தூரி.

மாரீஸ்வரிக்குப் புருஷனாக வாய்த்த சௌந்தரபாண்டியன் பந்தல்குடிப் பக்கத்துக்காரன். கம்மத்தில் முறுக்கு, மிக்சர் போட்டு விற்கிறான். கீழே கடை, பின்கட்டில் அடுப்பு, மேலே ஒற்றை அறையில் குடித்தனம். அந்த அறையில் மாரீஸ்வரி நான்கு வருடம் இருந்தாள். கடைக்கு இறங்கும்போது அவன் வெளியே பூட்டிவிட்டுப் போவான். அவனுக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் பாஷை தெரியாத ஊரில் யாரிடம் போய் நிற்பது? ஒரு நாள் எண்ணெயிலிருந்து முறுக்கு அரித்தெடுக்கும் சாரணியின் காம்பு அவள் தோளில் வளைந்தது. மறுவாரம் தன்ஷிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். பிள்ளைக்கு அப்போது இரண்டரை வயது.

பிறகு எல்லாம் நன்றாகத்தான் போனது. மாரீஸ்வரி அருப்புக்கோட்டை ரோட்டில் இருந்த நூல் மில்லில் சேர்ந்தாள். விடியக் காலையில் மில் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். தன்ஷிகா முதலில் அங்கன்வாடிக்குப் போனாள். பிறகு திருச்சுழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சேர்ந்தாள். அன்றைக்கு வழக்குப் போட்டிருந்தால் எந்தத் தகராறும் இல்லை. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெரும்பாலும் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பிள்ளை உறங்கியதும் இங்கேதான். ஆனால் பிள்ளை கையில் இருக்கும்போது பிள்ளையைக் கேட்டு யார் கோர்ட்டுக்குப் போவார்கள்?

போன வருடம் மாசி சிவராத்திரிக்கு சௌந்தரபாண்டியன் வகையறா குலசாமி கும்பிட வந்தது. பந்தல்குடிக்குக் கிழக்கே கருவேலங்காட்டுக்குள் இருக்கும் கருப்பசாமி. பிள்ளைக்கு முடி இறக்கிக் காது குத்த வேண்டும் என்று ஆள் விட்டார்கள். அது பிள்ளையின் அப்பா வழிச் சாமி. அங்கேதான் முடி இறக்க வேண்டும். காது குத்துவதோ தாய்மாமன் மடியில். ஆக, ஜெயபாண்டி போகாமல் முடியாது. அவன் போனால் மாரீஸ்வரியும் போகாமல் முடியாது.

காது குத்தி முடிந்ததும் பேச்சு ஆரம்பித்தது. முறிந்த குடும்பத்தை ஒட்ட வைக்க அந்தப் பக்கத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புருஷனையும் பெண்டாட்டியையும் உட்காரவைத்து யார் குற்றம் என்று பேசினால் பேச்சு வளரும், முடியாது. அதனால் அவர்களை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுவார்கள். பிள்ளையை அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அம்மாவுக்கு எத்தனை நாள் இருப்புக் கொள்ளும்? இப்படிச் சேர்ந்த குடும்பங்கள் அந்தக் கூட்டத்திலேயே நாலைந்து இருந்தன.

சௌந்தரபாண்டியனின் பெரியப்பா நல்லமுத்துதான் பேசினார்.

“ஏப்பா ஜெயபாண்டி, பிள்ள ஒரு வருசம் எங்ககிட்ட இருக்கட்டும். அங்க இங்கிலீசுப் பள்ளிக்கூடம் இருக்கு. அடுத்த சிவராத்திரிக்குச் சாமி கும்பிட வருவோம்ல, அப்பப் பேசிக்கிடுவோம். ஒந் தங்கச்சிக்கு மனசு எறங்குனா வரட்டும், இல்லைனா பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போகட்டும். இது கருப்பன் முன்னால சொல்ற சொல்லு.”

“அவளக் கேளுங்க மாமா.”

“தாய்மாமன் நீ இருக்கயில அவள எதுக்குக் கேக்கணும்?”

எல்லோரும் மாரீஸ்வரியைப் பார்த்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து உதிர, தன்ஷிகா அப்பன் வாங்கிக்கொடுத்த பலூனை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டேன் என்று சொன்னால் அண்ணனுக்குச் சபையில் மரியாதை இருக்காது. மாரீஸ்வரி தலையை ஆட்டினாள். ஜெயபாண்டி சாமி காலடியிலிருந்து துண்ணூறு எடுத்து மருமகள் நெற்றியில் பூசி, “வருசம் ஒங்ககிட்ட இருக்கட்டும் மாப்ள” என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கி சௌந்தரபாண்டியன் கையில் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வந்தது. அடுத்த மாசி வந்தபோது கம்மத்திலிருந்து யாரும் வரவில்லை. பங்காளி வீட்டில் ஒரு சாவு, கேதம். வருடம் திரும்பும்வரை கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்றார்கள். தீட்டு என்று சொன்ன பிறகு யார் என்ன கேட்க முடியும்? சாமி கும்பிட வந்தால்தானே பேச்சு. பேச்சு நடந்தால்தானே பிள்ளை. பங்குனியில் போனும் நின்றுவிட்டது.

இதையெல்லாம் கஸ்தூரியிடம் மாரீஸ்வரி இப்படியே சொல்லவில்லை. “சாமி கும்பிடக் கூட்டிட்டுப் போனாக, கொஞ்ச நாள் வச்சுருக்கோம்னாக, திருப்பித் தரல” என்றுதான் சொன்னாள்.

கஸ்தூரியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. “அப்படின்னா வழி இருக்கு. திருவிழாவுக்கோ லீவுக்கோ போன பிள்ளைய அப்படியே வச்சுக்கிட்டா, பிள்ளையோட ஊர் மாறிப்போச்சுன்னு கோர்ட்டு ஒத்துக்கிடாது. தூக்கிட்டுப் போனவன் தூக்கிட்டுப் போனதாலேயே லாபம் அடையக் கூடாதுல்ல? ஆனா நீங்களாப் பிள்ளைய அங்க வாழ அனுப்பியிருந்தா கதை வேற. அப்ப அதுதான் பிள்ளையோட ஊர்.”

“மெட்ராஸ்ல, மதுரையில பெரிய கோர்ட்டு இருக்குல்ல? பிள்ளையக் கொண்டாந்து நிறுத்துன்னு சொல்லுவாகளாமே?” என்றாள் மாரீஸ்வரி.

“ஆட்கொணர்வு மனு. பிள்ள யாரோ கடத்துனவன்கிட்ட இருந்தாப் பலன் இருக்கும். இருக்கிறது பெத்த அப்பன்கிட்ட. கீழ்க் கோர்ட்டுக்கே போன்னு சொல்லத்தான் வாய்ப்பு அதிகம். நாம இங்கயே போடுவோம். அன்னைக்குக் கூட இருந்தவங்க ஒருத்தர் வந்து சாட்சி சொல்லணும்.”

“நான் வாரேன்” என்றான் ஜெயபாண்டி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். சௌந்தரபாண்டியன் வக்கீல் வைத்து ஒரே ஒரு பதில்தான் முதலில் சொன்னான்: இந்த வழக்கை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. அப்படி ஒருவர் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் அப்படியே நிற்கும். தாய் நல்லவளா, தகப்பன் அடித்தானா, பிள்ளை ஏங்குகிறதா என்கிற எதையும் தொடாமல், அந்த ஒன்றை மட்டும் தீர்த்துவிட்டுத்தான் மேலே போவார்கள். அதிகாரம் இல்லாத கோர்ட்டு எவ்வளவு நல்ல தீர்ப்புச் சொன்னாலும் அது செல்லாது.

அதற்கே பல வாய்தா ஓடியது. சாட்சி நாளன்று அண்ணனும் தங்கச்சியும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் போனார்கள். மல்லாங்கிணறு தாண்டும்வரை ஜெயபாண்டி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தான்.

“என்னண்ணே, முழி பிதுங்குது? கோர்ட்டுன்னா பயமா?”

“பயமெல்லாம் இல்லத்தா. புதுச் சட்ட, கழுத்த அறுக்குது.”

“மதினி எடுத்ததா? அளவு பாக்காம எடுத்துருக்கும்.”

“எளைச்சுருவேன்னு நெனச்சு எடுத்தாளாம்.”

மாரீஸ்வரி சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. ஜெயபாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “அன்னைக்கு நடந்ததக் கேட்டா என்ன சொல்லணும்?” என்றான்.

“வக்கீலம்மாகிட்டச் சொன்னதுதான். சாமி கும்பிடத்தான் போனோம். இருன்னாக, விட்டுட்டு வந்தோம்.”

“ம்.”

ஜெயபாண்டி கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல் மிக மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். அவரும் இந்தச் சீமைக்காரர். எங்கே தட்டினால் எது திறக்கும் என்று தெரிந்தவர்.

“பிள்ளைக்குக் காது குத்துனது ஒங்க மடியிலதான?”

“ஆமா.”

“குத்தி முடிச்சதும் பிள்ள நெத்தியில துண்ணூறு பூசுனது யாரு?”

“நான்தான்.”

“பூசி, தகப்பன் கையில குடுத்தீங்க. குடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னீங்க. கருப்பசாமி முன்னால சொன்ன வார்த்தை. அப்படி எதுவும் சொல்லலைன்னு இங்க ஒரு தடவ சொல்லுங்க, நான் உட்காந்துருறேன்.”

ஜெயபாண்டி கம்பியைப் பிடித்தான். மாரீஸ்வரி பின் பெஞ்சிலிருந்து அவன் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. புதுச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

“சொன்னேன்யா. வருசம் ஒங்ககிட்ட இருக்கட்டும்னு சொன்னேன்.”

“தாய்க்குச் சம்மதமா?”

“தலையாட்டுச்சு. ஆனா திருப்பித் தருவோம்னு அவுகளும் அதே சாமி முன்னாலதான்யா சொன்னாக. அதக் கேளுங்க.”

“கேட்டதுக்கு மட்டும் பதில்” என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

கஸ்தூரி எழுந்து அந்த மீதியையும் கேட்டு வாங்கினார். ஒரு வருடத்துக்குத்தான் அனுப்பினார்கள், வருடம் முடிந்ததும் பிள்ளை வந்திருக்க வேண்டும், வராததுதான் குற்றம் என்று நெடுநேரம் வாதாடினார். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். உத்தரவு வந்தபோது அது நாலு பக்கம் இருந்தது. வாக்கை மீறினார்கள் என்பதை அந்த உத்தரவு மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை பெற்றவர்களின் சம்மதத்தோடு அங்கே போயிருக்கிறது, அங்கே பள்ளியில் சேர்ந்திருக்கிறது, மனு போட்ட நாளில் அங்கேதான் குடியிருந்தது. எனவே உரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்துகொள்ளும்படி மனு திருப்பித் தரப்படுகிறது.

“தோத்துட்டோம்னு நெனைக்காதீங்க” என்று வராந்தாவில் கஸ்தூரி விளக்கினார். “தள்ளுபடி வேற, திருப்பிக் குடுக்கிறது வேற. கதவு சாத்தல, வேற கதவுக்குப் போகச் சொல்றாங்க. இதையே கம்மத்துல போடலாம். போட்ட பிறகு, நான் பொம்பள, தூரம், பாஷை தெரியாதுன்னு சொல்லி வழக்க இங்க மாத்தச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டக் கேக்கலாம்.”

“அது எங்க மேடம் இருக்கு?”

“டெல்லியில.”

மாரீஸ்வரி தலையைக் குனிந்து சிரிப்பது போல ஏதோ சத்தம் செய்தாள். பிறகு, “அண்ணன் அப்படிச் சொல்லலைன்னா?” என்று கேட்டாள்.

கஸ்தூரிக்கு எதையும் மறைத்துச் சொல்ல வராது. “இங்கயே நடந்திருக்கும்னு நெனைக்கிறேன். ஆனா எங்கிட்டயும் நீங்க முழுசாச் சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா ஒங்க அண்ணன நான் கூண்டுல ஏத்தியிருக்கவே மாட்டேன்.”

ஜெயபாண்டி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். மாரீஸ்வரி அவன் முன்னால் போய் நின்றாள்.

“பொய் சொல்லச் சொல்லலண்ணே. ஞாபகம் இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“சாமி முன்னால குடுத்த வாக்கு. இல்லைன்னு எப்படித்தா சொல்லுவேன்?”

“எந்தச் சாமி? அது அவுக சாமி. நம்ம சாமி நரிக்குடி ரோட்டுல இருக்கு. அவுக சாமி அவுகளுக்குத்தான செய்யும்?”

“கம்மத்துக்கு நானும் வாரேன்” என்றான்.

“வேணாம். நீ வந்து அங்கயும் எதாச்சும் உண்மையச் சொல்லிருவ.”

மில்லில் கணக்கு முடித்துவிட்டு அவள் தனியாகப் போனாள். கம்மத்தில் வக்கீல் வைத்துத் தர கஸ்தூரி போனிலேயே ஏற்பாடு செய்திருந்தார். மனுவுக்கு எண் விழுந்து, சௌந்தரபாண்டியனுக்கு நோட்டீஸ் போய், முதல் வாய்தா வந்து, அது கோடை விடுமுறைக்கு அப்பால் தள்ளிப்போனது. அதுவரை மாதம் ஒரு முறை, கோர்ட்டு வளாகத்திலேயே, ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்க்கலாம் என்றார்கள். அதைப் புது வக்கீல் தெலுங்கும் இங்கிலீசும் கலந்து சொல்ல, அவள் கஸ்தூரிக்குப் போன் போட்டு அவர் காதில் சொல்லவைத்து, தமிழில் கேட்டுக்கொண்டாள். நாள் தள்ளத் தள்ளப் பிள்ளை அங்கே ஊன்றிப்போனது என்ற வாதம் அவனுக்குக் கனத்துக்கொண்டே போகும் என்பதையும் கஸ்தூரி சொன்னார்.

முதல் முறை கிடைத்த ஒரு மணி நேரத்தில் தன்ஷிகா பாதியை அவளிடம் பழகவே எடுத்துக்கொண்டாள். முடி தோள்வரை வளர்ந்திருந்தது. முன்பல் ஒன்று இல்லை. மடியில் உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தாள். உட்கார்ந்தபின் இறங்க மனமில்லாமல், நேரம் முடிந்தது என்று யாரோ சொன்னபோது மாரீஸ்வரியின் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. பிரித்தவளும் மாரீஸ்வரிதான்.

வெளியே சௌந்தரபாண்டியன் பிள்ளையைப் பைக்கின் டேங்க் மேல் உட்காரவைத்தபடி நின்றான். அவன் சத்தம் போடவில்லை, கெஞ்சவும் இல்லை.

“மேல ரூம் சும்மாத்தான் கெடக்கு” என்றான்.

அவள் சற்றுத் தள்ளிப் போய்க் கஸ்தூரிக்குப் போன் போட்டாள்.

“மேடம், நான் அவுக வீட்டுக்கே போயிட்டா வழக்கு என்ன ஆகும்?”

மறுமுனையில் பாத்திரக் கடைச் சத்தத்துக்கு மேலே கஸ்தூரி வழக்கம்போல முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார். பிள்ளையை ஒருவரிடமிருந்து கேட்க வேண்டுமென்றால் இருவரும் பிரிந்திருக்க வேண்டும், ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை, மனு தானாகச் செத்துப்போகும், அடித்ததை மன்னித்துவிட்டாள் என்றுகூட நாளைக்குச் சொல்வார்கள், தனியாக ஒரு ரூம் எடுத்துத் தங்கிக்கொண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில்… “போகாதீங்க மாரீஸ்வரி” என்றார். அதற்கு மட்டும் அவர் காரணம் சொல்லவில்லை.

“சரிங்க மேடம்” என்று சொல்லி மாரீஸ்வரி போனை வைத்தாள்.

கடை வாசலில் பைக்கிலிருந்து இறங்கியபோது எண்ணெய்க் காந்தல் மூக்கில் ஏறியது. மாடி அறையில் தன்ஷிகா கட்டிலில் ஏறிச் சுவரோரம் நகர்ந்து படுத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டாள்.

“எத்தன நாளைக்கும்மா வந்துருக்க?”

மாரீஸ்வரி பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கீழே சௌந்தரபாண்டியன் யாரிடமோ தெலுங்கில் சிரித்துப் பேசிக்கொண்டு மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்டது.

“இங்கதான்டா இருக்கேன்” என்றாள்.